ஆணி அல்ல, எறும்பு: காலடி மருவின் இரண்டாயிரம் வருடக் கதை

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம். இந்தப் பதிவும் ஆணி பற்றியதுதான். ஆனால் ஆபீஸ் ஆணி இல்லை, கால் ஆணி. இன்னும் சரியாகச் சொன்னால், கால் ஆணி என்று நினைத்து நாம் பிடுங்கப் பார்க்கிற, ஆணியே இல்லாத ஒன்று.

புனேயில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயம், எங்கள் தமிழ் வட்டாரத்தில் வருடா வருடம் இந்தப் பேச்சு வரும். அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் ஊறிய பிள்ளைகளில் யாராவது ஒருவர் குதிகாலை ஊன்றாமல் நடப்பார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சொரசொரப்பாக ஒரு வட்டம். ஊரிலிருந்து பாட்டி போனில் அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவச் சொல்வார். ஒருவர் சுண்ணாம்பு என்பார். இன்னொருவர் புது பிளேடு வாங்கி, "வேரோடு எடுத்தால்தான் போகும்" என்று கிளம்பிவிடுவார். என் கவலையெல்லாம் அந்தக் கடைசி ஆள்மேல்தான்.

'வேர்' என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், ரோமாபுரி வரை போய்விட்டேன். வாருங்கள், போய் வரலாம்.

எல்லா ஊரிலும் ஆணிதான்

தமிழில் கால் ஆணி. லத்தீனில் இதற்குக் 'கிளாவுஸ்' என்று பெயர். அதற்கும் ஆணி என்றுதான் அர்த்தம். சமஸ்கிருதத்தில் மருவுக்குச் 'சர்மகீலம்'. சர்மம் என்றால் தோல், கீலம் என்றால் முளை அல்லது ஆணி. இங்கே மராட்டியில் மருவை 'சாம்கீள்' என்கிறார்கள். காய்கறிக்காரம்மா வாயிலிருந்து வரும் அந்தச் சொல், அப்படியே சுஸ்ருதரின் சொல்தான். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே.

ஒருவரை ஒருவர் பார்த்திராத ஊர்களில் எல்லோருக்கும் ஆணி என்றே தோன்றியிருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். காலை ஊன்றினால் உள்ளே ஏதோ அடித்து இறக்கியது போல் வலிக்கும். ஆனால் பெயர் வைத்ததோடு சங்கதி முடியவில்லை. ஆணி என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்யத் தோன்றும்? பிடுங்கத்தான் தோன்றும்.

சுஸ்ருத சம்ஹிதையில் பாதத்தில் வரும் 'கதரம்' என்ற நோய்க்கு இலக்கணம் உண்டு. பரல் கல் உறுத்தியோ முள் குத்தியோ வருவது, ஆணி போல் கெட்டியானது, இலந்தைப் பழ அளவு, வலிப்பது. வைத்தியம்? தோண்டி எடுத்துவிட்டு, காய்ச்சிய எண்ணெயால் சுட வேண்டும். படிக்கும்போதே கால் கூசுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்சுஸ் என்பவர் லத்தீனில் ஒரு பெரிய மருத்துவ நூல் எழுதினார். அதில் அவர் செய்த ஒரு காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஆணியையும் மருவையும் அவர் தனித்தனியாகப் பிரிக்கிறார். ஆணி பெரும்பாலும் அடிபடுவதால் காலில் வருவது. மருவில் சில வகைகள். அதில் ஒன்றுக்கு 'மிர்மீசியா' என்று பெயர். கிரேக்கத்தில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எறும்புக் கடி போல் சுருக்கென்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம், எறும்புப் புற்று போல் இருப்பதால் என்று இன்னொன்று. இந்த எறும்பு மரு உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ வரும், உயரம் குறைவு, மற்ற மருக்களைவிடக் கெட்டி, வலி அதிகம் என்கிறார். மேலே குறுகல், கீழே அகலம் என்றும் சொல்கிறார். இன்றைக்குத் தோல் டாக்டர் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கல். இதற்கு வேர் ஆழம் என்று எழுதிவிட்டார். அந்த வேரைத்தான் நம் ஆட்கள் இன்னமும் பிளேடால் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பன்றிக் கொழுப்பும் வெல்லமும்

பிடுங்குவது ஒரு வழி என்றால், கரைப்பது இன்னொரு வழி.

ஆங்கிலேயத் தத்துவவாதி பிரான்சிஸ் பேகனுக்குச் சிறு வயதிலிருந்தே விரலில் ஒரு மரு இருந்ததாம். பதினாறு வயது வாக்கில் பாரிஸில் இருந்தபோது ஒரே மாதத்தில் கை முழுக்க நூறு மருக்கள் கிளம்பிவிட்டன. அங்கிருந்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி ஒரு துண்டு பன்றிக் கொழுப்பை எடுத்து, எல்லா மருவிலும் தேய்த்து, அதைத் தெற்குப் பார்த்த ஜன்னல் கட்டையில் வெயில் படும்படி ஆணி அடித்து மாட்டினார். (இங்கேயும் ஆணி!) ஐந்து வாரத்தில் எல்லா மருவும் போய்விட்டன, சிறு வயதிலிருந்து இருந்த அந்தப் பழைய மரு உட்பட. அந்த அம்மாள் மூடநம்பிக்கை உள்ளவர் அல்ல என்றும் பேகன் சேர்த்துக்கொள்கிறார். அவர் இறந்த மறு வருடம், 1627ல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது.

எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று ஐரோப்பாவுக்கே பாடம் எடுத்தவர் பேகன். அவரே அசந்துபோனார் என்றால் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

சிரிக்காதீர்கள். வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்திருக்கிறீர்களா? வெல்லம் கரைவது போல் தோலில் உள்ள கட்டியும் பருவும் கரையட்டும் என்பது வேண்டுதல். உப்பும் மிளகும் போடுகிற கோயில்கள் நம் பக்கம் எத்தனையோ. கொழுப்பு வெயிலில் உருகுவதும், வெல்லமும் உப்பும் நீரில் கரைவதும் ஒரே யோசனைதான். பாரிஸ் சீமாட்டிக்கும் நம் ஊர்ப் பாட்டிக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முக்கியமான விஷயம், இரண்டு பேருக்கும் அது 'பலித்தது'. ஏன் பலித்தது என்பதுதான் இந்தக் கதையின் மையம். அதற்கு முன் மரு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

தன் கையிலேயே மரு வளர்த்தவர்

மரு ஒட்டிக்கொள்ளும் என்ற சந்தேகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பலமானது. 1890களில் ஜெர்மன் மொழி பேசும் டாக்டர் யாதசோன் உட்படச் சிலர், ஒருவரின் மருவை எடுத்து இன்னொருவர் தோலில் வைத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் புது மரு வந்தது. ஆனால் ஒட்டுவது எது? பாக்டீரியா எதுவும் மைக்ராஸ்கோப்பில் அகப்படவில்லை.

1907ல் இத்தாலியில் ஜுசெப்பே சியுஃபோ என்பவர் மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டினார். வந்த தெளிந்த நீரைத் தன் கையிலேயே செலுத்திக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அங்கே மரு முளைத்தது. ஆக, வடிகட்டியையும் தாண்டி வரும் ஏதோ ஒன்று. புகையிலைச் செடி நோய் ஒன்றை ஆராய்ந்தவர்கள் அப்படிப்பட்ட ஒன்றை வைரஸ் என்று அழைக்கத் தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. மனித வியாதிகளில் வைரஸ்தான் காரணம் என்று முதலில் தெரிந்துகொண்ட சிலவற்றில், யாரும் பெரிதாக மதிக்காத மருவும் ஒன்று.

1949ல் அமெரிக்காவில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மரு வைரஸின் உருண்டைகளை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். 1951ல் லயல், மைல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள், உள்ளங்காலில் ஆழமாக அமர்ந்து வலிக்கும் மரு சாதாரண மருவிலிருந்து வேறுபட்டது என்று காட்டினார்கள். பெயர்? செல்சுஸ் வைத்த அதே பெயர், மிர்மீசியா. பத்தொன்பது நூற்றாண்டு கழித்து எறும்பு திரும்பி வந்தது :)

வேர் என்று ஒன்று இல்லை

இந்த வைரஸின் குடும்பப் பெயர் எச்.பி.வி. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. காலடிக்கு வருபவை பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 என்ற எண் கொண்டவை. தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆன தோலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், உள்ளே போய்விடும். நீச்சல் குளத்தின் ஓரம், பொதுக் குளியலறைத் தரை இங்கெல்லாம் தொற்றுவது அதனால்தான்.

போய் எங்கே தங்குகிறது? மேல்தோலில் மட்டும். அதைத் தாண்டி உள்தோலுக்கு இறங்குவதே இல்லை. உடம்பின் பாரம் அழுத்துவதால் வெளியே வளர முடியாமல் உள்நோக்கி அமுங்கி இருக்கிறது, அவ்வளவுதான். 'வேர்' என்று நாம் பார்க்கும் கறுப்புப் புள்ளிகள், ரத்தம் உறைந்துபோன மெல்லிய ரத்தக் குழாய்கள். தோண்டத் தோண்ட வருவது வேர் அல்ல, நம் நல்ல சதை. அப்படித் தோண்டினால் ரத்தம் வரும், சீழ் பிடிக்கும், வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும். ஆழமாகத் தோண்டி வடு விழுந்தால், மரு போன பிறகும் அந்த வடு நடக்கும்போதெல்லாம் வலிக்கலாம்.

கால் ஆணியா மருவா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

கால் ஆணி செருப்பும் எலும்பும் அழுத்தும் இடத்தில் வரும். தோலின் ரேகைகள் அதன்மேல் தொடர்ந்து போகும். நேராக அழுத்தினால் வலிக்கும். அது தொற்று அல்ல.

மரு எங்கே வேண்டுமானாலும் வரும். ரேகைகள் அதன் ஓரத்தில் நின்றுவிடும். கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிக்கும். இது தொற்று.

ஏன் எல்லா வைத்தியமும் பலித்தது?

1963ல் மாசிங், எப்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு விடுதியில் இருந்த பிள்ளைகளின் மருக்களை இரண்டு வருடம் கவனித்து, கணக்கு எழுதி வெளியிட்டார்கள். மருந்து எதுவும் இல்லாமலே மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் தானாக மறைந்துவிட்டன.

பேகனின் கொழுப்பு, பாட்டியின் பால், கோயில் வெல்லம் எல்லாவற்றுக்கும் விடை இங்கே இருக்கிறது. மேல்தோலிலேயே ஒளிந்திருக்கும் வைரஸை உடம்பு கவனிக்க நாளாகிறது. கவனித்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி மொத்தமாகத் துடைத்துவிடும். சில சமயம் எல்லா மருவும் ஒரே நேரத்தில் போகும். அதற்கு முந்தின வாரம் நாம் எதைத் தடவினோமோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

நவீன வைத்தியமும் இந்த வலையில் விழாமல் இல்லை. 2002ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, வெறும் டக்ட் டேப் ஒட்டினாலே 85 சதவீதம் மரு போகிறது, உறைய வைத்தால் 60 சதவீதம்தான் என்றது. உலகமே டேப் வாங்கியது. 2006ல் நெதர்லாந்தில் 103 பிள்ளைகளிடம் சோதித்தபோது டேப்புக்கு 16 சதவீதம், டேப் இல்லாதவர்களுக்கு 6 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். அடுத்த வருடம் பெரியவர்களிடம் பார்த்ததில் வித்தியாசமே இல்லை.

2011ல் பிரிட்டனில் 240 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு டாக்டரிடம் திரவ நைட்ரஜன், பாதிப் பேருக்கு வீட்டிலேயே தினமும் 50 சதவீத சாலிசிலிக் அமிலம். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 14 சதவீதம் பேருக்குத்தான் முழுதாகப் போயிருந்தது. பெரிய கிளினிக்கில் பெரிய பில் கட்டி உறைய வைப்பதும், மருந்துக்கடையில் வாங்கித் தடவுவதும் காலடி மருவைப் பொறுத்தவரை ஒன்றுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சும்மா இருப்பதைவிட சாலிசிலிக் அமிலம் ஓரளவு மேல் என்பது மட்டும் உறுதி.

நம் நாட்டு டாக்டர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். டெல்லியில் பேராசிரியர் ஜி.பி. தல்வார் தொழுநோய்க்காக உருவாக்கிய 'மைக்கோபாக்டீரியம் டபிள்யூ' தடுப்பூசியை மருவுக்குள் செலுத்தி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது. ஒரு மருவில் ஊசி போட்டால் தூரத்தில் இருக்கும் மருக்களும் மறைவது உண்டு. எதற்கும் அசையாத மருக்களுக்குத் தோல் டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது இது.

காலடியிலிருந்து நோபல் வரை

1970களில் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் என்பவருக்கு ஒரு யோசனை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மரு வைரஸ்தான் காரணமாக இருக்குமோ? காலடி மருவிலிருந்து எடுத்த வைரஸை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே வைரஸ் புற்றுக் கட்டிகளிலும் இருக்கிறதா என்று தேடினார். 1974ல் வந்த முடிவு: இல்லை. வேறு ஒருவராக இருந்தால் விட்டிருப்பார். அவரோ, "அப்படியானால் மரு வைரஸ் ஒன்றல்ல, பல" என்று நினைத்தார். 1983லும் 1984லும் அவர் குழு எச்.பி.வி. 16, 18 என்ற இரண்டு வகைகளைப் புற்றுக் கட்டிகளில் கண்டுபிடித்தது. 2008ல் நோபல் பரிசு. 2006லேயே தடுப்பூசி சந்தைக்கு வந்துவிட்டது.

2022ல் அனுமதி பெற்ற முதல் இந்திய எச்.பி.வி. தடுப்பூசி, எங்கள் புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரானது. இந்தத் தடுப்பூசி காலடி மருவைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, அது வேறு வகை. ஆனால் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 9 வயதிலிருந்தே இதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். மருவைச் சாக்காக வைத்தாவது பேசுங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு

பிள்ளைகளைவிட இந்த விஷயத்தில் எனக்குப் பயம் பெரியவர்களை நினைத்துத்தான். நம் வீடுகளில் அறுபதைத் தாண்டிய எத்தனை பேருக்கு சர்க்கரை இல்லை? பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், ரத்த ஓட்டமும் குறையும். அந்தக் காலில் பிளேடு போட்டால் எவ்வளவு ஆழம் போனது என்று அவர்களுக்கே தெரியாது. மருந்துக்கடை கார்ன் கேப்பில் இருப்பதும் அதே சாலிசிலிக் அமிலம்தான். உணர்ச்சி இல்லாத காலில் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். சின்ன மருவுக்குச் செய்த வைத்தியம் விரலை எடுப்பதில் போய் முடியலாம்.

இதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் நம் வேலூர். 1946ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கையும் காலும் நோயால் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களால் அழிகின்றன என்று காட்டினார். வலி ஒரு காவல்காரன். அந்தப் பாடம்தான் பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் அடிப்படையானது.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள், காலில் மரத்த உணர்வு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டு வைத்தியமே வேண்டாம். நேராக டாக்டர். அதே போல, உள்ளங்காலில் கறுப்பாகப் பரவுவது, நிறம் மாறுவது, காரணமில்லாமல் ரத்தம் கசிவது எதுவானாலும் மரு என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். அபூர்வமாக அது தோல் புற்றாக இருக்கலாம்.

மற்றவர்களுக்கு

வலி இல்லையென்றால் சும்மா விடுவதும் ஒரு வைத்தியமே. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானே போய்விடும்.

வலித்தால்: காலை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். மேலே உள்ள காய்ப்பை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். அந்தத் தேய்ப்பானை வேறு யாரும் தொடக் கூடாது. சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, மருமேல் மட்டும் சாலிசிலிக் அமில மருந்து. தினமும், 12 வாரம் வரை. புண்ணானால் சில நாள் நிறுத்துங்கள். (நம்மில் முக்கால்வாசிப் பேர் பத்தாம் நாள் விட்டுவிடுவோம், அது வேறு கதை.)

வராமல் இருக்க: குளத்தோரமும் பொதுக் குளியலறையிலும் செருப்பு. தனித் துண்டு. ஈரம் போகத் துடைத்த கால். மருவைக் கிள்ளாத கை. மரு வந்த பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பாமல் வைக்க வேண்டியதில்லை. தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினால் போதும். பிரிட்டனில் ஒரு காலத்தில் பள்ளிகளே இதற்காகப் பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடாது. இன்று அங்கேயே அது தேவையில்லை என்கிறார்கள்.

ஆணி என்று பெயர் வைத்ததால் இரண்டாயிரம் வருடம் பிடுங்கிப் பார்த்தோம். சுத்தியலும் பிளேடும் ஆபீஸ் ஆணிக்கு மட்டும் இருக்கட்டும். காலில் இருப்பது எறும்பு. வந்த வழியே போகும், கொஞ்சம் பொறுத்தால்.

வேறு மாநிலங்களில் இருப்பவர்கள், உங்கள் ஊர்ப் பாஷையில் மருவுக்கும் கால் ஆணிக்கும் என்ன பெயர் என்று சொல்லுங்கள். அங்கேயும் ஆணிதானா என்று பார்த்துவிடலாம்.